ஓடுகிற பிள்ளையும் இடுப்பில் இருக்கிற தம்பியும்



விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் லயத்துக்கு லயம் நாங்கள் காணும் பிள்ளை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவள்தான் முதல். வீட்டுக்கு வந்ததும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போவாள். அம்மா மலையில், அப்பா கவ்வாத்தில். வலய மட்டப் போட்டியோ வேலை நாளில் வரும். அம்மா வீட்டில் நின்றால் அன்றைக்குப் பேர் இல்லை. கடைசியில் பிள்ளைதான் நிற்கிறாள். வலயத்தில் ஓடாதவள் மாகாணப் போட்டிக்கு எப்படிப் போவாள்?

"பொம்பளப் புள்ள தம்பியப் பாக்கத்தானே வேணும்" என்பீர்கள். பார்க்கட்டும், நல்ல குணம்தான். அவள் ஒருத்தியே பார்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அதற்காகப் பள்ளிக்கூடத்தை மறிக்கவும் கூடாது; 5 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம்.

அமெரிக்காவில் வில்மா ருடோல்ஃப் என்று ஒரு பெண். 22 பிள்ளைகளில் 20ஆவது. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சுகமில்லை. அந்தக் காலைத் தினமும் பிடித்துவிடும் வேலையைத் தாயும் கூடப்பிறந்தவர்களும் முறை போட்டுச் செய்தார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் அவர் 3 தங்கப் பதக்கம் வென்றார். அப்படி முறை போடுவதைத்தான் உங்களிடமும் கேட்கிறோம்.

தம்பிக்கு 5 வயசு ஆகவில்லையென்றால் பிள்ளை மடுவத்தில் விடுங்கள். பெரட்டுக்குப் போகும்போது விட்டு, கொழுந்து நிறுத்து வரும்போது கூட்டி வரலாம். "மடுவத்துல புள்ள அழுவுது" என்றால், முதல் சில நாள் அழத்தான் செய்யும். அப்பா முந்தி வேலை முடித்து வருகிற வீடும் இருக்கிறது. அந்த நேரம் அவர் பிள்ளையைத் தூக்கினால் மீசை உதிர்ந்துவிடாது! போட்டித் தேதி தெரிந்த உடனேயே பக்கத்துக் காம்பராவிலும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. பெரிய பிள்ளையான பிறகு மாதாமாதம் இரத்தம் போவதால் இரும்புச் சத்து குறையலாம். ஓடும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும். "சோம்பேறி" என்று ஏசாமல் மருத்துவிச்சி அம்மாவிடம் காட்டுங்கள். கீரை, பருப்பு, நெத்தலி கொடுங்கள். தேசிக்காய் பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேருவது குறையும். நாம் பறிக்கிற கொழுந்துதான், என்ன செய்வது! ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

போட்டியன்று புதுச் சப்பாத்து வேண்டாம், காலைக் கடிக்கும். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு ஓட விடாதீர்கள்.