ஆர்எஸ்யூ ஷேர் இருக்கா? ஷெட்யூல் எஃப்ஏ-வை மறந்தா 10 லட்சம் அபராதம்!

அமெரிக்க கம்பெனியோட இந்திய ஆஃபீஸ்ல வேலை பாக்கறீங்களா? சம்பளத்தோட சேர்த்து தாய் கம்பெனி ஷேரும் ஆர்எஸ்யூ-வா வருதா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

நம்மில் பலர் நினைப்பது இதுதான்: "ஷேர் வெஸ்ட் ஆனப்பவே கம்பெனி டிடிஎஸ் பிடிச்சிடுச்சு, ஃபார்ம் 16-லயும் வந்துடுச்சு. அப்புறம் என்ன?"

வரி கட்டுறது வேற, சொத்தைக் காட்டுறது வேற. அந்த ஷேர் உங்க பேர்ல வெளிநாட்டுல இருக்கற சொத்து. இந்தியாவில் வசிப்பவர் (ஆர்டினரிலி ரெசிடென்ட்) அதை ரிட்டர்ன்ல ஷெட்யூல் எஃப்ஏ-வில் காட்டியே ஆகணும். ஒரு ரூபாய்கூட லாபம் வரலைன்னாலும் சரி, வருஷத்துக்கு நடுவுல வித்துட்டாலும் சரி.

காட்டலைன்னா? 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். அதுவும் விட்டுப்போன ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியா!

2024 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை இருக்கு. வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டலைன்னா இந்த அபராதம் கிடையாது. ஆனா, காட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்லை. இன்னிக்கு 12 லட்சமா இருக்கற ஷேர், விலையும் டாலரும் ஏறினா 20 லட்சத்தைத் தாண்ட ரொம்ப நாள் ஆகாது.

பலரும் சறுக்குற மூணு இடங்கள்:

1. தப்பான ஃபார்ம்: ஐடிஆர்-1-ல் இந்த ஷெட்யூலே கிடையாது. சம்பளக்காரங்க ஐடிஆர்-2 எடுக்கணும்.

2. தப்பான வருஷம்: ஷெட்யூல் எஃப்ஏ-வுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு. 2024-25 நிதியாண்டு ரிட்டர்ன்ல 2024 காலண்டர் வருஷத்து ஷேர்கள் வரும். 2025 பிப்ரவரியில வெஸ்ட் ஆனது சம்பளத்துல இந்த வருஷமே வந்துடும். எஃப்ஏ-வில் அடுத்த ரிட்டர்ன்லதான் வரும்.

3. டிவிடெண்ட்: அமெரிக்காவில் 25% பிடிச்சுட்டாங்கன்னு விட்டுடக் கூடாது. முழுத் தொகையையும் வருமானமா காட்டி, அங்க கட்டின வரிக்கு ஃபார்ம் 67 மூலமா கழிவு கேளுங்க.

"யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு நினைக்காதீங்க. நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தப்படி கணக்கு விவரம் நம்ம வருமான வரித்துறைக்கு வந்துக்கிட்டே இருக்கு.

ஏற்கெனவே விட்டுட்டீங்களா? பதற வேண்டாம். கெடு முடியலைன்னா ரிவைஸ்டு ரிட்டர்ன் போடுங்க. முடிஞ்சிருந்தா நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாருங்க. இன்னிக்கே புரோக்கர் அக்கவுண்ட்ல ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி, போன வருஷ ரிட்டர்னோட ஒப்பிட்டுப் பாருங்க. அரை மணி நேர வேலை, 10 லட்சத்தைக் காப்பாத்தும்.