உடற்பருமனும் ஹெபடைடிஸ்-சி சிகிச்சையும்

கல்லீரலைத் தாக்கும் தொற்று நோய்களுள் ஹெபடைடிஸ்-சி முக்கியமானதொன்று. நீண்ட காலமாக இதற்குரிய சிகிச்சை கடினமானதாகவும், பருத்த உடலினருக்குக் குறைந்த பயனே தருவதாகவும் இருந்து வந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. எனினும் பழைய சிகிச்சையின் காலத்தில் எழுந்த ஓர் எண்ணம் பொது மக்களிடையே இன்னும் முற்றிலும் மறையவில்லை. உடல் எடை மிகுந்தவர்கள் முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு, பின்னரே மருந்துண்ணத் தொடங்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். இவ்வாறு காத்திருப்பதால் கல்லீரலுக்குக் கேடு வளர்கிறதேயன்றி நன்மை ஏதும் விளைவதில்லை. இதன் காரணங்களை அறிந்துகொள்வது நோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் பயன்படும்.

நோயின் இயல்பு

ஏ, பி என்னும் இரு வகை வைரஸ்களாலும் உண்டாகாத கல்லீரல் அழற்சியொன்று இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் காணப்படுவதை ஹார்வி ஆல்டர் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். அதற்குக் காரணமான வைரஸை மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் 1989-இல் இனங்கண்டனர். அவ்வைரஸ் ஒன்றே நோயை உண்டாக்க வல்லது என்பதைச் சார்ல்ஸ் ரைஸ் பின்னர் நிறுவினார். இம்மூவருக்கும் 2020-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வைரஸ் இரத்தத்தின் வழியே பரவுகிறது. தூய்மை செய்யப்படாத ஊசிகள், சோதிக்கப்படாத இரத்தம், சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போது நேரும் கவனக்குறைவு ஆகியன இதன் முக்கிய வழிகள். உடன் உண்பதாலோ, தொடுவதாலோ இது பரவுவதில்லை. தொற்றுக்கு ஆளான நூறு பேரில் ஏறக்குறைய எழுபது பேருக்கு நோய் நாட்பட்டதாக நிலைத்துவிடுகிறது. அவ்வாறு நிலைத்தவர்களுள் 15 முதல் 30 சதவீதத்தினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் என்னும் நிலை ஏற்படக்கூடும். அதுவரை பெரும்பாலோர்க்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாதிருப்பதே இந்நோயின் அபாயம்.

கொழுப்பும் வைரஸும்

ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் கொண்டு, அதை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண் எனப்படும். 165 சென்டிமீட்டர் உயரமும் 88 கிலோகிராம் எடையும் உள்ளவருக்கு இவ்வெண் 32 ஆகும். உலக அளவில் 25-க்கு மேல் மிகை எடை என்றும், 30-க்கு மேல் பருமன் என்றும் கொள்வது வழக்கம். இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு எளிதில் சேர்வதால், 23-ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25-ஐப் பருமனின் தொடக்கமாகவும் நிபுணர்கள் வரையறுத்துள்ளனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேரின் உடல் நிறை எண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தது.

பருத்த உடலினரின் கல்லீரல் உயிரணுக்களில் கொழுப்புத் துளிகள் தங்குகின்றன. ஹெபடைடிஸ்-சி வைரஸும் தன் பெருக்கத்திற்குக் கொழுப்பையே துணையாகக் கொள்கிறது. இரத்தத்தில் கொழுப்புத் துகள்களோடு இணைந்தே அது உலவுகிறது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் மூன்றாம் மரபு வகை வைரஸ், கல்லீரலிலிருந்து கொழுப்பு வெளியேறுவதைத் தானே தடை செய்கிறது. ஆகவே பருமனும் தொற்றும் ஒருங்கே உள்ளவருக்கு இரு காரணங்களால் கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. கல்லீரல் இறுகுவதும் விரைவுபடுகிறது. இத்தகையோருக்குச் சிகிச்சை மற்றவர்களைக் காட்டிலும் அவசரமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஊசி மருந்தின் காலம்

வைரஸ்களை எதிர்க்க உடலே உற்பத்தி செய்யும் இன்டர்பெரான் என்னும் பொருளை ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இரு விஞ்ஞானிகள் லண்டனில் 1957-இல் கண்டறிந்தனர். அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டிலிருந்து அது ஹெபடைடிஸ்-சி நோய்க்கு ஊசி மருந்தாக அளிக்கப்பட்டது. பின்னர் ரிபாவிரின் என்னும் மாத்திரை அதனுடன் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் இன்டர்பெரானைத் தயாரித்தவற்றுள் ஐதராபாத்தைச் சேர்ந்த சாந்தா பயோடெக்னிக்ஸ் ஒன்றாகும். ஹெபடைடிஸ்-பி தடுப்பு மருந்தை 1997-இல் வெளியிட்ட அந்நிறுவனம், 2002-இல் இன்டர்பெரானையும் விற்பனைக்குக் கொணர்ந்தது.

இச்சிகிச்சை 24 வாரம் அல்லது 48 வாரம் நீடித்தது. காய்ச்சல், உடல் நோவு, மனச் சோர்வு, இரத்தச் சோகை முதலியன உடன் வந்தன. இவ்வளவையும் தாங்கிய பின்னும், முதல் மரபு வகை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே குணம் கிட்டியது. பருத்த உடலினருக்கு வெற்றி இதனினும் குறைவு. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தோலின் கீழுள்ள கொழுப்புப் படலத்தில் செலுத்தப்படும் மருந்து, பெரிய உடலில் பரவும்போது அதன் செறிவு குறைந்துவிடுகிறது. இரண்டாவது, பருமனுடையோரிடம் இன்சுலின் செவ்வனே வேலை செய்வதில்லை; அந்நிலையில் இன்டர்பெரான் தரும் கட்டளையையும் உயிரணுக்கள் சரிவர ஏற்பதில்லை. மூன்றாவது, கொழுப்பு நிறைந்த கல்லீரல் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும். இக்காரணங்களாலேயே ரிபாவிரின் அளவை எடைக்கேற்ப, 75 கிலோகிராமுக்குக் குறைந்தவர்களுக்கு 1,000 மில்லிகிராம் என்றும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 1,200 மில்லிகிராம் என்றும் பிரித்து வழங்கினர். முதலில் எடையைக் குறைக்குமாறு கூறியதும் அக்காலத்தில் பொருத்தமான ஆலோசனையே.

ஐதராபாத்தில் தயாரான மாத்திரைகள்

சோபோஸ்புவிர் என்னும் மருந்து 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது சிகிச்சை முறையே மாறியது. இது வாய்வழி உட்கொள்ளும் மாத்திரை. ஆனால் அந்நாட்டில் 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்டிருந்தது. 2014 செப்டம்பரில் அம்மருந்தின் உரிமையாளரான கிலியட் நிறுவனம், இந்திய மருந்துத் தயாரிப்பாளர் சிலருக்கு உற்பத்தி உரிமம் அளித்தது. அவர்களுள் ஐதராபாத்தின் ஹெட்டிரோ நிறுவனமும் ஒன்று. அதே நகரத்து நாட்கோ நிறுவனம் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தது. பின்னர் 2015 மார்ச்சில் அதுவும் உரிமம் பெற்று, 28 மாத்திரைகள் கொண்ட புட்டியை 19,900 ரூபாய் விலையில் வெளியிட்டது. போட்டியால் விலை பின்னர் மேலும் வீழ்ந்தது.

ஐதராபாத்தில் இத்தொழில் வேரூன்றியது தற்செயலானதன்று. மத்திய அரசு 1961-இல் நிறுவிய இந்திய மருந்துகள் நிறுவனத்தின் செயற்கை மருந்துத் தொழிற்சாலை இந்நகரத்திலேயே அமைந்தது. அங்கே பயிற்சி பெற்ற இரசாயன நிபுணர்கள் பலர் பின்னாளில் தனித் தொழில்களைத் தொடங்கினர். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பரிசோதனையும் மாத்திரைகளும் அரசாங்கச் சிகிச்சை மையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எடை ஏன் தடையன்று

இன்டர்பெரான் உடல் முழுவதிலுமுள்ள எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி, அதன் மூலம் வைரஸை அடக்க முயன்றது. சோபோஸ்புவிர் அவ்வாறன்று. அது குடலிலிருந்து நேரே கல்லீரலை அடைந்து, அவ்வுறுப்பின் உயிரணுக்களுக்குள்ளேயே செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது, அச்சங்கிலியில் போலிக் கண்ணியாக நுழைந்து, மேற்கொண்டு வளரவொட்டாமல் செய்கிறது. டக்லாடஸ்விர், வெல்பாடஸ்விர் என்னும் துணை மருந்துகள் வைரஸின் மற்றொரு புரதத்தை முடக்குகின்றன.

வேலை நடக்கும் இடம் கல்லீரலாகவும், மருந்து அங்கேயே பக்குவப்படுவதாகவும் இருப்பதால், இடுப்பிலும் தோலின் கீழும் சேர்ந்துள்ள கொழுப்பு அதன் செயலைக் குறைப்பதில்லை. ஐம்பது கிலோகிராம் எடையுள்ளவருக்கும் நூறு கிலோகிராம் எடையுள்ளவருக்கும் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சோபோஸ்புவிரே போதுமானது. பெரும்பாலோருக்கு 12 வாரச் சிகிச்சை போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர்.

சிகிச்சைக்கு முன் அறியவேண்டியவை

எடையைக் காட்டிலும் கல்லீரலின் இறுக்கமே சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கிறது. இறுக்கத்தை அதிர்வலை கொண்டு அளக்கும் கருவி உண்டு. ஆனால் தடித்த கொழுப்புப் படலத்தின் வழியே சாதாரண அளவுகோல் பிழைபட நேரலாம். அதற்கெனப் பெரிய அளவுகோல் தனியே உள்ளது. கருவி இல்லாத இடத்திலும் இரத்தப் பரிசோதனையைக் கொண்டே மதிப்பிடலாம். ஏ.எஸ்.டி. என்னும் கல்லீரல் என்ஸைமின் அளவை அதன் இயல்பான மேல் எல்லையால் வகுத்து, நூறால் பெருக்கி, ஆயிரக் கணக்கில் எண்ணிய இரத்தத் தட்டணுக்களால் வகுக்க வேண்டும். உதாரணமாக, என்ஸைம் 100, மேல் எல்லை 40, தட்டணுக்கள் ஒரு இலட்சம் எனில் விடை 2.5. இரண்டோ அதற்கு மேலோ வருமாயின் சிரோசிஸ் இருக்கக்கூடும் எனக் கருதி மேற்கொண்டு ஆராய்வர். சிரோசிஸ் முற்றியவர்களுக்கு ரிபாவிரினைச் சேர்ப்பதோ, காலத்தை 24 வாரமாக நீட்டிப்பதோ தேவைப்படும்.

பருத்த உடலினர் பெரும்பாலும் வேறு மருந்துகளும் உட்கொள்பவராயிருப்பர். அவை யாவற்றையும் டாக்டரிடம் தெரிவித்தல் அவசியம். வயிற்றமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வெல்பாடஸ்விர் உடலில் ஏறுவதைத் தடுக்கும். இருதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சோபோஸ்புவிருடன் சேரலாகாது. வலிப்பு நோய்க்கும் காசநோய்க்கும் அளிக்கப்படும் சில மருந்துகள் அதன் பலனைக் கெடுக்கும். கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரைகளின் அளவையும் மாற்ற நேரலாம். நீரிழிவுள்ளவர்களுக்கு, வைரஸ் குறையக் குறைய இன்சுலின் நன்கு வேலை செய்யத் தொடங்கி, இரத்தச் சர்க்கரை எதிர்பாராது தாழ்ந்துவிடக்கூடும். ஆகையால் அதனை அடிக்கடி சோதித்து வருதல் நலம். ஹெபடைடிஸ்-பி தொற்று உடனிருந்தால் அது மீண்டும் தலையெடுக்கலாமாதலால், அதற்குரிய பரிசோதனையும் முன்னரே செய்யப்படுகிறது.

வைரஸ் நீங்கிய பின்

சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பின் இரத்தத்தில் வைரஸ் காணப்படாவிடின் நோய் குணமாயிற்று என்பது பொருள். எதிர்ப் பொருள்கள் மட்டும் இரத்தத்தில் நெடுங்காலம் இருந்துகொண்டிருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் அவை மறு தொற்றைத் தடுப்பனவல்ல; இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை.

பருமனைக் கவனிக்க வேண்டிய வேளை இதுவே. வைரஸால் உண்டான கொழுப்பு வைரஸுடன் நீங்கும்; உணவாலும் உழைப்பின்மையாலும் உண்டான கொழுப்பு கல்லீரலிலேயே தங்கும். வைரஸ் நீங்கியபின் சிலருக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் உயர்வதும் உண்டு. ஆகவே குணமடைந்தவர் ஒருவரின் கல்லீரல், கொழுப்பு மிகுதியால் தொடர்ந்து கெட்டு வருதல் கூடும். சிரோசிஸ் ஏற்பட்டுவிட்டவர்கள் குணமடைந்த பின்னும் ஆறு மாதத்திற்கொருமுறை நுண்ணொலிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புற்றுநோய் தோன்றுமாயின் தொடக்கத்திலேயே அறிய அது உதவும்.

எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் அழற்சி தணிகிறது. 88 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய ஆறு முதல் ஒன்பது கிலோகிராம் மட்டுமே. இதனைச் சில மாதங்களில் படிப்படியாக அடைதல் வேண்டும். பட்டினி கிடந்து விரைவில் மெலிவது கல்லீரலுக்கு ஊறு செய்யும். சிரோசிஸ் உள்ளவர்கள் புரத உணவைக் குறைத்தால் தசைகள் கரைந்து நிலைமை மேலும் மோசமாகும்.

உணவு முறையைப் பற்றி ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச் சத்து நிலையம் தக்க வழி காட்டியுள்ளது. 1918-இல் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக் கூடமே 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, 1969-இல் இப்பெயரைப் பெற்றது. இந்நிலையம் 2024-இல் வெளியிட்ட அறிவுரைகளின்படி, உண்கலத்தில் பாதியைக் காய்கறி, கீரை, கிழங்கு, பழங்கள் நிரப்ப வேண்டும். தானியங்களிலிருந்து பெறும் சக்தி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டலாகாது. மூன்று வேளையும் சோற்றையே பெரும்பகுதியாகக் கொள்ளும் வழக்கத்திற்கு இது பெரியதொரு மாறுதல்தான். சோற்றைக் குறைத்து, சாம்பாரில் பருப்பையும் கறிகாயையும் கூட்டி, சுண்டல், மோர் முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டால் இம்மாறுதல் எளிதாகும். மதுவை அறவே விலக்குதல் இன்றியமையாதது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும் எடை குறையத் துணை செய்யும்.

ஹெபடைடிஸ்-சி தொற்று உறுதிப்பட்டவர், எவ்வளவு பருமனாயினும், மாத்திரைகளைத் தொடங்கக் காலந் தாழ்த்த வேண்டுவதில்லை. 12 வாரத்தில் முடியக்கூடிய வேலையை முதலில் முடித்துவிட்டு, மாதக் கணக்கில் ஆகும் எடைக் குறைப்பை அதனோடும் அதன் பின்னரும் தொடர்வதே முறை. வைரஸை நீக்கும் வேலையை மாத்திரைகள் செய்யும். கொழுப்பை நீக்கும் வேலை நோயாளியின் உணவையும் உழைப்பையும் பொறுத்தது. இவ்விரண்டும் நிறைவேறினால்தான் கல்லீரல் முழு நலம் பெறும்.