சித்திரையில் நம்ம தோட்டத்துப் பூக்கள்



குளிர் நாடுகளில் பனி உருகிப் பூ மலரும் காலத்தை வசந்தம் என்பார்கள். கித்துல்கலயில் பனி ஏது? வருஷம் முழுக்க மழையும் பச்சையும்தான். ஆனாலும் சித்திரைக்கு ஒரு தனி அழகு உண்டு. முள்முருங்கை இலை உதிர்த்துச் சிவப்பாய்ப் பூத்துவிட்டால் வருஷப் பிறப்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சிங்களத்தில் இதை எறபது என்பார்கள். எறபது பூப்பதும் குயில் கூவுவதும் அவர்களுக்கும் புத்தாண்டின் அடையாளம்.

கித்துல் பூ

ஊர்ப் பெயரிலேயே உள்ள மரம் கித்துல். தமிழில் கூந்தற்பனை. பூங்குலை அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரித் தொங்கும். முதல் குலை உச்சியில் வரும். பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வரும். கடைசிக் குலையும் காய்த்து முடிந்தால் மரம் பட்டுப்போகும். குலையைச் சீவி எடுக்கும் இனிப்பு நீரைக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சினால் கருப்பட்டி.

தேயிலைப் பூ

தினமும் தொடும் செடியின் பூவை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள். கொழுந்தை ஒழுங்காகப் பறிக்கும் மலையில் பூ குறைவு. பறிக்காமல் விட்ட செடியில் நிறையப் பார்க்கலாம்.

காட்டுப் பூவைக் காட்டில் விடுவோம்

வைகாசியில், வெசாக் சமயத்தில், மழைக்காட்டு மரங்களில் இளம் ஊதா நிறத்தில் தொங்குவது வெசாக் ஓர்க்கிட். உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி இது. பிடுங்கி விற்றே அருகிப் போய்விட்டது. இதன் விதை தூசி போன்றது. உள்ளே சேமித்த உணவு இல்லை. ஒருவகைப் பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும். அதனால் ஒரு செடி போனால் இன்னொன்று சுலபத்தில் வராது. காட்டு நிழலிலும் ஈரத்திலும் வாழ்ந்த செடி லயத்து வாசலில் வாடிப்போகும். பிடுங்குவது சட்டப்படியும் குற்றம். கண்ணால் பார்த்து ரசிப்போம்.

அழகிலும் நஞ்சு உண்டு

அலரி, மஞ்சள் அலரி, ஊமத்தை, கார்த்திகைப்பூ எல்லாம் பார்க்க அழகு. வாயில் போனால் உயிருக்கு ஆபத்து. மஞ்சள் அலரியின் விதை இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். லீவு நாளில் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடும்போது இந்தப் பூவையும் காயையும் எடுக்க விடாதீர்கள்.

பிள்ளை தின்றுவிட்டால்:

1. வாயில் இருப்பதைத் துடைத்து எடுங்கள்.
2. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்புத் தண்ணி கொடுக்க வேண்டாம்.
3. அந்தச் செடியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்காதீர்கள். நஞ்சு சில மணி நேரம் கழித்தும் வேலை காட்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

லயத்தைச் சுற்றி ஐந்து பூக்களைப் பறிக்காமல் பாருங்கள். நிறம், இதழ்களின் எண்ணிக்கை, எந்தப் பூச்சி வருகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாட்டியிடம் கேளுங்கள். பாட்டி சொல்லும் பெயரையும் மறக்காமல் எழுதி வையுங்கள். எழுதாத பெயர் மறந்துபோகும்.