வயதான பூனையை எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

நம் தெருக்களில் பூனை வந்து போகாத வீடு குறைவு. மீன் வாங்கிய நாளில் தலை யாருக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை. குட்டியாக வந்து, பிள்ளைகளோடு வளர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் வீட்டில் ஓர் ஆளாக இருந்த பூனை, ஒரு நாள் மூலையில் சுருண்டு கிடக்கிறது. “வயசாயிடுச்சு, இனி அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பல நேரங்களில் அந்த ஒரு சொல்தான் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறது.

முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு. அந்த நோய்களில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது. எந்த மாற்றத்தைக் கண்டால் இன்றே புறப்பட வேண்டும், எதற்கு இந்த வாரத்துக்குள் போனால் போதும் என்று பிரித்தறிவதே இந்தப் பாடம்.

பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் போடாமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். வீட்டில் வைத்துக்கொண்ட உயிர் ஓர் அமானிதம். அதன் பசிக்கு நாம் பொறுப்பு என்றால் அதன் வலிக்கும் நாமே பொறுப்பு.

பூனை ஏன் சொல்லாது?

10 வயதைத் தாண்டிய பூனையை வயதான பூனை என்று கால்நடை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 15 வயதுப் பூனை, மனிதக் கணக்கில் ஏறக்குறைய 75 வயதுப் பெரியவர். நன்றாகப் பராமரித்த வீட்டுப் பூனை 15 ஆண்டு வாழ்வது அதிசயமில்லை. எனவே 10, 11 வயதில் வரும் சுகவீனத்தைக் கடைசிக் காலம் என்று எண்ணிவிடக் கூடாது.

பூனை வேட்டையாடும் பிராணி. தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரையாகும் பிராணியும்கூட. பலவீனத்தை வெளியே காட்டினால் உயிருக்கு ஆபத்து என்பதால் வலியை மறைப்பது அதன் இயல்பு. அது முனகாது, குறைவாக நடக்கும், குறைவாகத் தின்னும், கட்டிலுக்கடியில் போய் ஒளியும். வயதான பூனைகளுக்கு அதிகம் வரும் சிறுநீரக நோயில், சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் வெளியே அடையாளம் தெரிகிறது. ஆகவே பக்கத்து வீட்டுப் பூனையோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் பூனை போன மாதம் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள்.

இன்றே போக வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

1. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குவது.
2. சிறுநீர் கழிக்க அடிக்கடி உட்கார்ந்து முக்குவது, ஆனால் ஒரு சொட்டும் வராமல் இருப்பது. ஆண் பூனைக்குப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு.
3. பின்னங்கால்கள் திடீரென்று விழுந்துபோய், பாதம் சில்லிட்டு, வலியில் கத்துவது. இது இரத்தக் கட்டி அடைத்ததால் இருக்கலாம்.
4. திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டுவது. உயர் இரத்த அழுத்தம் பூனைக்கும் வரும். கண்ணின் விழித்திரையை அது கெடுத்துவிடும்.
5. வலிப்பு, மயக்கம், ஈறு வெளுத்தோ நீலம் பூத்தோ இருப்பது.
6. 24 மணி நேரமாக எதையும் தின்னாமல் இருப்பது. பூனைக்குப் பட்டினி ஆகாது. குறிப்பாகப் பருத்த பூனை சில நாள் தின்னாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே தனி நோயாகிவிடும்.

இந்த வாரத்துக்குள் போக வேண்டியவை

- வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிப்பது, அதிகம் சிறுநீர் கழிப்பது. சிறுநீரக நோய், சர்க்கரை நோய் இரண்டிலும் இது உண்டு.
- நன்றாகத் தின்றும் இளைத்துப்போவது, இரவில் கத்தித் திரிவது, ஓரிடத்தில் தங்காமல் அலைவது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதன் அடையாளமாக இருக்கலாம். “வயசான காலத்திலும் எப்படிச் சாப்பிடுது பாரு” என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.
- மதில் மேல் தாவியது இப்போது நாற்காலியில் ஏறவே தயங்குவது. முதுகை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சடை பிடிப்பது. மூட்டு வலி இருக்கக்கூடும்.
- தின்னும்போது ஒரு பக்கமாக மெல்லுவது, உணவு வாயிலிருந்து விழுவது, எச்சில் ஒழுகுவது, வாய் நாறுவது. பல், ஈறு கெட்டிருக்கும்.
- அடிக்கடி வாந்தி, விடாத வயிற்றுப்போக்கு, ஆறாத புண், புதிதாகத் தட்டுப்படும் கட்டி.
- இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த பூனை வீட்டுக்குள் கண்ட இடத்தில் அசுத்தம் செய்வது. அடிப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், 10 வயதைத் தாண்டிய பூனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

வீட்டில் வைக்க வேண்டிய கணக்கு

ஒரு பழைய நோட்டு போதும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

*எடை:* மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பூனையைப் பையில் வைத்து மின்னணுத் தராசில் நிறுத்தால் சரியாகத் தெரியும். 4 கிலோ பூனை 3.6 கிலோ ஆனால் நமக்கு அது வெறும் 400 கிராம். பூனைக்கோ உடம்பில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்தால் நாம் சும்மா இருப்போமா?

*மூச்சு:* அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். மறுபடி மறுபடி எண்ணியும் 30-க்கு மேல் வந்தால் இதயத்தையோ நுரையீரலையோ பரிசோதிக்க வேண்டும்.

*தண்ணீர்:* காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து கழியுங்கள். 4 கிலோ பூனை ஒரு நாளில் 400 மில்லிக்கு மேல் குடித்தால் நிச்சயம் கோளாறு. அதற்குக் குறைவானாலும், முன்பைவிட இரட்டிப்பானால் காட்டுங்கள்.

செய்யக் கூடாதது

காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குத் தரவே கூடாது. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும். அதை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. இப்யூபுரூஃபனும் அப்படியே ஆபத்து. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை மேல் தடவக் கூடாது. தவறிப் பட்டாலோ விழுங்கினாலோ அறிகுறிக்குக் காத்திராமல் உடனே கொண்டுபோக வேண்டும்.

எங்கே, எப்படி?

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம். ஆடு மாட்டுக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். பூனையையும் அங்கே பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூடியுள்ள கூடையில் பழைய துணி விரித்துக் கொண்டுபோங்கள். நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் மூச்சு வாங்குவதையோ நொண்டுவதையோ போனில் படம் பிடித்திருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. மேசையில் ஏற்றியதும் பூனை எதையும் காட்டாது.

செலவுக்கு அஞ்சிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். “இவ்வளவுதான் முடியும், எந்தப் பரிசோதனையை முதலில் செய்யலாம்?” என்று வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கமில்லை.

சில நோய்கள் முழுவதும் குணமாகா. அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதற்கு இப்போது வலி இருக்கிறதா? வலி குறைய என்ன தரலாம்? இனி தின்னவும் நடக்கவும் முடியுமா? குணப்படுத்த முடியாத இடத்திலும் வலியைக் குறைக்கப் பெரும்பாலும் முடியும். கடைசி மாதங்களில் வலியில்லாமல் வெயிலில் படுத்திருக்க வைப்பதும் வைத்தியம்தான்.

இன்று செய்ய வேண்டியது இதுதான்: வீட்டுப் பூனையின் வயதைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுங்கள். எடையை நிறுத்து அதன் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு கையில் இருக்கும்.