குரங்கிலிருந்து வரும் மலேரியா

கெடா மாநிலம் கூலிம் மாவட்டத்துக் கரங்கான் போன்ற தோட்டப்புறங்களில், குரங்குகள் காட்டோரத்திலிருந்து செம்பனைக்கும் பால்மரத்துக்கும் வருவது நாம் அடிக்கடி காணும் காட்சி. காட்டுக் குரங்குகளின் இரத்தத்தில் ஒருவகை மலேரியாக் கிருமி வாழக்கூடும் என்பதையும், அது மனிதரையும் பற்றும் என்பதையும் நம்மில் பலர் அறியோம். பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி உழைத்துக் கண்ட உண்மை இது.

சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு குரங்கின் இரத்தத்தில் இக்கிருமி காணப்பட்டது. ஊசி மூலம் செலுத்தினால் மனிதர் உடலிலும் அது வளரும் என்பதை, கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ரோபர்ட் நோல்ஸும் பி. எம். தாஸ் குப்தாவும் 1932ஆம் ஆண்டில் காட்டினர். நோல்ஸின் நினைவாக அதற்குப் 'பிளாஸ்மோடியம் நோலெசி' எனப் பெயரிடப்பட்டது.

1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து, நம் காட்டுக் குரங்குகளையும் கொசுக்களையும் ஆராய்ந்தனர். 1965இல், பகாங் காட்டில் பணிபுரிந்து திரும்பிய அமெரிக்க நில அளவையாளர் ஒருவருக்கு இந்நோய் இயற்கையாகவே தொற்றியிருந்தது தெரியவந்தது. பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களின் இரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். எக்குரங்கையும் நோய் பற்றவில்லை. எனவே, மனிதருக்கு இது அரிதாகவே வரும் என்று கருதப்பட்டது.

அக்கருத்தைச் சரவாக் மாற்றியது. சரவாக் மலேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பல்பீர் சிங், பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, காப்பிட் வட்டாரத்தில் 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார். அவர்களில் 120 பேரிடம் இருந்தது குரங்கு மலேரியா! 2004இல் இம்முடிவு வெளியாயிற்று. உருப்பெருக்கியில் பார்த்தால் இக்கிருமி, கடுமை குறைந்த மனித மலேரியா வகை ஒன்றைப் போலவே தோன்றும். ஆனால் அது 72 மணிக்கு ஒருமுறை பெருகுவது. இதுவோ 24 மணிக்கு ஒருமுறை பெருகுவது.

2018ஆம் ஆண்டில் நம் நாட்டில் மனித மலேரியா உள்ளூரில் எவருக்கும் தொற்றவில்லை. குரங்கு மலேரியாவோ அதே ஆண்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது.

இதில் நாம் கற்கும் பாடம் யாது? குரங்குகளைக் கொல்வது தீர்வாகாது. குரங்கைக் கடித்த காட்டுக் கொசு பிறகு மனிதரைக் கடிப்பதாலேயே நோய் பரவுகிறது. ஆதலால் காட்டோரத்தில் இருப்போர் அந்தி வேளையில் நீண்ட கைச்சட்டை அணியவேண்டும், கொசு விரட்டும் மருந்து பூசவேண்டும், வலைக்குள் உறங்கவேண்டும். குளிரும் காய்ச்சலும் கண்டால், மாத்திரை விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவது ஆபத்து. ஒருநாள் தாமதித்தால் கிருமி ஒருமுறை பெருகிவிடும். அன்றே அரசாங்க மருந்தகத்துக்குச் சென்று, நாம் காட்டோரத்தில் வேலை செய்ததையும் மறவாமல் சொல்லவேண்டும். உரிய காலத்தில் மருந்துண்டால் நோய் குணமாகும். விஞ்ஞானிகள் பல்லாண்டு தேடிக் கண்டது, நாம் சொல்லும் அந்த ஒரு சொல்லால் நம் உயிரைக் காக்கும்.