பசுமைக்குடிலில் ஈரப்பதன்: மாரி தொடங்கமுன் கவனிக்க வேண்டியவை

மானிப்பாயிலும் அயற்கிராமங்களிலும் மீளக்குடியமர்ந்து, வளவில் சிறிய பசுமைக்குடில் அமைத்துத் தக்காளி, கறிமிளகாய், கெக்கரி பயிரிட எண்ணியிருக்கும் குடும்பங்களுக்காக இப்பகுதி எழுதப்படுகிறது. உதவியாகவோ கடனாகவோ கிடைக்கும் பணம் பெரும்பாலும் ஒருமுறைதான் வரும். முதற்போகம் அழுகிப்போனால் இரண்டாம் போகத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்கிறது. அந்த நாட்களில் எல்லோரும் செய்வது, சாரல் அடிக்காமல் பக்கப் பொலித்தீனை இறக்கி, குடிலை இறுக மூடிவிடுவது. மழைத்துளி உள்ளே வராதுதான். ஆனால் மண்ணும் இலைகளும் விடும் ஈரம் வெளியே போக வழியில்லை.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 30 பாகை செல்சியசில் 80 வீத ஈரப்பதனுள்ள காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தாலே போதும், நீர்த்துளி படியத் தொடங்கும். காலையில் இன்னொன்றும் நடக்கிறது. வெயில் ஏறக் குடிலின் காற்று விரைவாகச் சூடாகும். காய் மெதுவாகவே சூடாகும். குளிர்ந்த சோடாப் போத்தல் வேர்ப்பதுபோலக் காயும் வேர்க்கும். இலையும் காயும் பல மணிநேரம் நனைந்திருந்தால் பங்கசு நோய்கள் பிடித்துக்கொள்ளும். எனவே வெயில் ஏறமுன்பே பக்கப் பொலித்தீனைச் சுருட்டிவிடுங்கள். பூச்சிவலையை மட்டும் திறக்க வேண்டாம். வெண்ஈ நுழைந்தால் இலைச்சுருள் நோய் வரும். நீரைக் காலையில், செடியின் அடியில் விடுங்கள். மாலையில் விடும் நீர் இரவு முழுவதும் ஈரமாக நிற்கும். கீழ் இலைகளைக் கழித்து, செடிகளுக்கிடையே காற்றோட இடம் விடுங்கள்.

தக்காளிக்கு 60 முதல் 70 வீதம் வரையான ஈரப்பதன் நல்லது. மிகக் கூடினால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது, பூ கொட்டும். குடிலுக்குள் காற்றும் குறைவு. காலை பத்து மணியளவில் செடி கட்டிய கயிற்றை மெல்லத் தட்டிவிடுங்கள்.

காயின் அடி கறுத்து அழுகுவதைப் பலர் நோயென்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். அது வீண்செலவு. கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்தான் இருக்கிறது. மண்ணில் நட்ட செடிக்குக் கல்சியம் கிடைக்காமற் போவது அரிது. அது நீரோடுதான் மேலேறும். காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் செடி நீரை இழுப்பது குறையும். காற்று மிக வறண்டால் இழுத்த நீரெல்லாம் இலைக்கே போய்விடும். நீரை ஒருநாள் அதிகமாகவும் ஒருநாள் குறைவாகவும் விடுவதும் இதே கேட்டைத் தரும்.

கோடை நண்பகலில் நிலை மாறும். காற்று வறள, சிற்றுண்ணி பெருகும். நிழல்வலை விரித்து, நடைபாதையை முற்பகலில் நனைத்தால் போதும்.

ஈரப்பதன் அளக்க விலைகூடிய கருவி தேவையில்லை. இரண்டு வெப்பமானிகளை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழை நனைத்த பருத்தித் துணியால் சுற்றுங்கள். காய்ந்தது 30 பாகை காட்டும்போது நனைந்தது 27 காட்டினால் ஈரப்பதன் ஏறத்தாழ 80 வீதம்; 25 ஆயின் 67; 22 ஆயின் 50.

ஐயமிருந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். நோயுற்ற இலையைப் பொலித்தீன் பையில் கட்டாமல் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பைக்குள் வேர்த்து அழுகிவிட்டால் எந்த நோயென்று அவராலும் சொல்ல முடியாது.