கிராபிக்ஸ் கார்டு மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



போன செமஸ்டர் லீவுல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். என் நண்பன் ஒருத்தனுக்கு ஊர் போடி. அவங்க அப்பா ஜீப் டிரைவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்களை விடியக்காலையில ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறினார்னா, சாயங்காலம்தான் இறங்குவார். அந்த வருமானத்துல மிச்சம் பிடிச்சு வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்தான் அவன்கிட்ட இருக்கு. படிக்கவும் அதான், கோடிங்குக்கும் அதான், ராத்திரி ஒரு மணி நேரம் கேம் விளையாடவும் அதான்.

ஒரு நாள் தூசி தட்டித் தரச் சொல்லி ஒரு கடையில கொடுத்து வாங்கினான். அன்னைக்கு ராத்திரியே பிரச்சினை ஆரம்பம். ஜி.டி.ஏ. 5-ல கார் மெதுவா போனா ஒண்ணும் இல்லை. வேகம் எடுத்தா படம் திக்கித் திக்கி நிக்குது. திரும்பக் கடைக்குப் போனா, "கார்டு போயிருச்சு தம்பி, புதுசு மாத்திரு"ன்னு சொல்லிட்டாங்க. அவங்க அப்பா யார்கிட்ட கடன் கேக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டார்.

உண்மையில அந்தக் கார்டுக்கு ஒண்ணுமே ஆகலை. என்ன நடந்ததுன்னு புரியணும்னா, ஹார்ட்வேர் வள மோதல் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

மோதல்னா என்ன?

போடிமெட்டு மலைப்பாதையில போனவங்களுக்கு இதை எளிதாச் சொல்லிடலாம். முந்தல்ல இருந்து மேல ஏற 17 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுல பெரிய லாரி ஒண்ணு முன்னும் பின்னுமா எடுத்துத் திரும்புதுன்னா, பின்னாடி வர்ற ஜீப், பஸ், பைக் எல்லாமே நிக்கணும். உங்க வண்டி எஞ்சின் எவ்வளவு சக்தி உள்ளதா இருந்தாலும் சரி, அந்த நிமிஷத்துல பிரயோஜனம் இல்லை. குறை வண்டியில இல்லை. எல்லாருக்கும் வழி ஒண்ணே ஒண்ணு.

கம்ப்யூட்டருக்குள்ளயும் இதேதான். பிராசஸரின் கவனம், மெமரி, டேட்டா போற பாதை, மின்சாரம் எல்லாமே அளவோடதான் இருக்கு. ரெண்டு சாதனம் ஒரே நேரத்துல ஒரே வளத்தைக் கேட்டா ஒண்ணு காத்திருக்கணும்.

அந்தக் காலத்து மோதல்

ஒரு சாதனம் பிராசஸரைக் கூப்பிடுற வழிக்கு இன்டரப்ட்னு பேர். 1981-ல வந்த ஐ.பி.எம். பி.சி.யில இதுக்கு 8 கோடுகள்தான் இருந்தன. 1984-ல வந்த ஏ.டி. மாடல்ல அது 16 எண்ணா ஆச்சு. ரெண்டு கன்ட்ரோலரை இணைக்கவே அதுல ஒண்ணு செலவாகிடும். கீபோர்டு, டைமர், டிஸ்க் எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான்.

1989-ல சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் கார்டைக் கொண்டுவந்தது. கேமுக்கு நல்ல சத்தம் கிடைச்சது, கூடவே தலைவலியும் வந்தது. 7-ம் எண் இன்டரப்ட்ல சவுண்ட் கார்டை வெச்சா, பிரிண்டர் போர்ட்டுக்கும் வழக்கமா அதே 7-தான். அப்போ இருந்த ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுகள்ல ரெண்டு கார்டு ஒரே கோட்டை ஒழுங்காப் பகிர்ந்துக்க முடியாது. சத்தம் வராது, இல்லைன்னா கேம் அப்படியே உறைஞ்சு நிக்கும். 1993-ல வந்த டூம் விளையாடணும்னாகூட, முதல்ல செட்டப்ல போய் சவுண்ட் கார்டோட இன்டரப்ட் எண்ணைச் சொல்லணும்.

அப்புறம் பி.சி.ஐ. வந்தது, கோடுகளைப் பகிர்ந்துக்க முடிஞ்சது. இப்போ இருக்கிற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்ல தனிக் கோடே தேவையில்லை. சாதனம் ஒரு சின்னச் செய்தியா எழுதிப் போட்டே பிராசஸரைக் கூப்பிடுது. அதனால பழைய இன்டரப்ட் மோதல் இன்னைக்கு அபூர்வம். ஆனா மோதல் ஒழிஞ்சுடலை, இடம் மாறியிருக்கு.

இன்னைக்கு மோதல் எங்கே?

இன்னைக்கு முக்கியமான வளம் லேன். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0-ல ஒரு லேன் வினாடிக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. கொண்டுபோகும். பல சாதாரண மதர்போர்டுகள்ல மேல் ஸ்லாட்டுக்கு மட்டும் பிராசஸர்ல இருந்து நேரா 16 லேன் வரும். கீழ் ஸ்லாட் பார்க்க அதே நீளம்தான், ஆனா உள்ளே 4 லேன்தான் இருக்கும். அதுவும் சிப்செட் வழியா வரும். அதே சிப்செட் பாதையிலதான் ஹார்ட் டிஸ்க், யு.எஸ்.பி., நெட்வொர்க் எல்லாம் போகுது.

இப்போ கேமுக்கு வாங்க. வினாடிக்கு 60 ஃபிரேம்னா, ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி வினாடிதான். அந்த நேரத்துல 16 லேன்ல சுமார் 260 எம்.பி. போகும், 4 லேன்ல சுமார் 65 எம்.பி.தான். நண்பனோட கார்டுல 4 ஜி.பி. மெமரி. டெக்ஸ்சர் செட்டிங்கை அவன் உச்சத்துல வெச்சிருந்தான். கார் வேகமாப் போகும்போது புதுப் புதுத் தெருவும் கட்டடமும் வரணும். கார்டு மெமரி நிறைஞ்சதும் மிச்சத்தை ரேம்ல இருந்து இழுக்கணும். அதே நேரத்துல ஹார்ட் டிஸ்க்கும் அந்தச் சிப்செட் பாதையிலதான் கேம் ஃபைலை அனுப்பிக்கிட்டு இருக்கு. டேட்டா வர்றதுக்குள்ள 16.7 மில்லி வினாடி தாண்டிடும். படம் நிக்கும்.

ஆமாங்க, தூசி தட்டக் கழட்டின கார்டை, திரும்ப மாட்டும்போது கீழ் ஸ்லாட்டுல மாட்டியிருக்காங்க. அவ்வளவுதான் விஷயம்.

உங்க கம்ப்யூட்டர்ல எப்படிப் பார்ப்பது?

1. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள்ல பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்க. "16" பக்கத்துல "@ 4"னு இருந்தா விஷயம் இருக்கு. சும்மா இருக்கும்போது கார்டு வேகத்தைக் குறைச்சுக்கும். அதனால பக்கத்துல இருக்கிற கேள்விக்குறியை அழுத்தி, லோடு கொடுத்துப் பாருங்க. சில கார்டுகள் பிறவியிலேயே 8 அல்லது 4 லேன்தான், அதையும் சரிபார்த்துக்கோங்க.

2. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறியோட "கோட் 12" வந்தா, அந்தச் சாதனத்துக்குத் தேவையான வளம் கிடைக்கலைன்னு அர்த்தம். சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல "கான்ஃப்ளிக்ட்ஸ்/ஷேரிங்" பட்டியல் நீளமா இருக்கேன்னு மட்டும் பயந்துடாதீங்க. பகிர்வு எல்லாமே மோதல் இல்லை.

3. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பா? அப்போ பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே ரேமைத்தான் பகிர்ந்துக்குது. டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல 2 ஸ்லாட்ல 1-தான் பயன்படுதுன்னு காட்டினா, பாதி பாதைதான் திறந்திருக்கு. டி.டி.ஆர்.4-3200 ரேம் ஒண்ணு மட்டும்னா வினாடிக்கு 25.6 ஜி.பி., ஜோடியா போட்டா 51.2 ஜி.பி.

4. படத்தோட சேர்ந்து சத்தமும் கரகரன்னு வெட்டுதா? லேட்டன்சிமான் ஓட்டிப் பாருங்க. எந்த டிரைவர் பிராசஸரை ரொம்ப நேரம் பிடிச்சு வைக்குதுன்னு அது காட்டும். வைஃபை டிரைவரை அப்டேட் பண்ணினாலே சில நேரம் சரியாகிடும்.

5. புது எம்.2 எஸ்.எஸ்.டி. மாட்டினதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமப் போனா, மதர்போர்டு மேனுவலைப் பாருங்க. பல போர்டுகள்ல அந்த ஸ்லாட்டும் ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துக்கும்.

இது எதுவும் இல்லாம, வெப்பமும் சரியா இருந்து, கார்டு எப்பவும் 99% ஓடியும் ஃபிரேம் ஒரே சீராக் குறைவா இருந்தா, அப்போ கார்டுக்குச் சக்தி பத்தலைன்னு சொல்லலாம்.

கடைசியில என்ன ஆச்சு?

கம்ப்யூட்டரை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, கேபினட் உலோகத்தை ஒரு தடவை தொட்டுட்டு, கார்டைக் கழட்டி மேல் ஸ்லாட்டுல மாட்டினோம். பத்து நிமிஷ வேலை. கார் இப்போ எவ்வளவு வேகமாப் போனாலும் படம் நிக்கலை. சாயங்காலம் மலை இறங்கி வந்த அவங்க அப்பா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைப்பா, இடம் மாத்தி மாட்டியிருந்தாங்க"ன்னான் அவன். அவர் நம்பாம, கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு ஸ்கிரீனையே பார்த்துட்டு, அப்புறம்தான் சாப்பிடப் போனார்.

அதனால நண்பர்களே, உங்க கம்ப்யூட்டர் திக்கினா, பர்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இங்கே யாரும் யாருக்கும் வழி மறிச்சு நிக்கிறாங்களா?